பூட்டிய காட்டைக் காப்பவர் யார்?

கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே நோக்கினால் அண்ணாமலை. கிழக்கே திண்டிவனம் சாலையில் பேருந்தேறிச் சற்றுத் தொலைவு சென்றால் செஞ்சியின் பாறைக் குன்றுகள். வடமேற்கே போளூரைக் கடந்தால் ஜவ்வாது மலைத்தொடர். அதற்கு இப்பால் கடலாடிக்கு அருகே பர்வதமலை. இத்தனை மலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் நாம். ஆயினும் நம் மறைக்கல்வி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம், "காட்டுக்குள் ஒரு முழு நாள் நடந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இருவர் மூவர் தயங்கித் தயங்கிக் கை தூக்குவர். அதுவும், யாரேனும் வனக்காவலரிடம் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தோடு. மற்றப் பிள்ளைகளுக்கு மலை என்பது பேருந்துச் சன்னலில் வந்து மறையும் ஒரு நீலநிறம் மட்டுமே.

இந்நிலையே நல்லது என்று வாதிடுவோர் பெருகி வருகின்றனர். மனிதனின் கால் பட்ட காடு கெடும். ஆகவே காட்டை மூடு, வேலி போடு, மக்களை வெளியே நிறுத்து என்பதே அவர்களது வாதத்தின் சாரம். இப்படிச் சொல்வோர் எல்லாரும் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். அவர்களுள் இயற்கையின்மீது உண்மையான பற்றுக் கொண்ட ஆசிரியர்கள் இருக்கின்றனர். நம் பங்குப் பேரவை உறுப்பினர்களும் இருக்கின்றனர். எனினும் இவ்வாதம் தவறானது என்றும், ஏழைக்கு எதிரானது என்றும், முடிவில் காட்டுக்கே எதிரானது என்றும் நாம் கருதுகிறோம். அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

எதிர்த்தரப்பாரின் சான்றுகளை முதலில் பார்த்துவிடுவோம். அவை அற்பமானவை அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில், அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து வ.உ.சி. நகரில் வீட்டோடு புதைத்ததில் 7 பேர் இறந்தனர்; அவர்களுள் 5 பேர் குழந்தைகள். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்துக்கும், அடுத்த ஆண்டு தீபத்துக்கும் மலைமீது ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பர்வதமலையின் அடிவாரத்திலிருந்து உச்சி வரை பௌர்ணமிக்கு மறுநாள் ஏறிப் பார்ப்பவர், தண்ணீர்ப் புட்டிகளும் நெகிழிப் பைகளும் புதர்தோறும் தொங்குவதைக் காண்பார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தமிழகம் 2019 சனவரியிலேயே தடை விதித்துவிட்டது என்பதை அந்தப் புதர்கள் அறியா.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவற்றிலிருந்து எதிர்த்தரப்பார் வந்து சேரும் முடிவு இவற்றிலிருந்து பிறப்பதில்லை. குரங்கணியில் மாண்டவர்கள் காட்டை நேசித்ததால் மாளவில்லை. காய்ந்த புல் இடுப்பளவு நிற்கும் மார்ச் மாதத்தில், அம்மலையின் காற்றையும் சரிவையும் அறியாதவர்கள், முறையான ஒழுங்கு ஏதுமில்லாத நிலையில் அங்கே இருந்தனர். எந்தப் பருவத்தில் எந்தச் சரிவில் கால் வைக்கலாகாது என்பதை அடிவாரத்து மாடு மேய்ப்பவர் அறிவார். அவரைக் கேட்பார் இல்லை. மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் தமிழகத்தில் அந்தச் சாவுகளுக்குப் பின்னரே, 2018-இலேயே, வகுக்கப்பட்டன. அதாவது, மக்கள் காட்டுக்குள் போகிறார்கள் என்பதை அரசு ஏட்டளவில் ஒத்துக்கொள்வதற்கே இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன. போகக்கூடாது என்று பலகை எழுதி வைத்துவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்று நம்புவது எளிது. அந்த நம்பிக்கையின் விலையைத்தான் குரங்கணியில் கொடுத்தோம்.

வ.உ.சி. நகரில் இறந்த பிள்ளைகளோ மலையேறப் போனவர்கள் அல்லர். தங்கள் வீட்டில் இருந்தவர்கள். மலையின் காலடியிலும் இடுப்பிலும் வீடுகள் நெருங்கி எழுந்த கதை வேறு. நடக்க வருவோர்மீது அப்பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. மழையில் ஊறி இளகிய சரிவில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றாமல் நிறுத்தியதை நாம் குறைகூறவில்லை. முந்தைய ஆண்டுகளில் 2,500 பேருக்குச் சீட்டுக் கொடுத்து ஏறவிட்ட நிர்வாகம், ஆபத்துக் கண்டு அதை நிறுத்தியது சரியே. காரணம் சொல்லி, காலம் குறித்து மூடுவது காவல். காரணம் சொல்லாமல், காலம் குறிக்காமல், கேட்டவர் முகத்தைப் பார்த்து மூடுவது வேறு. நாம் எதிர்ப்பது பின்னதையே.

இந்தப் பூட்டு இன்று நேற்றுச் செய்ததன்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் செய்தது அது. அதற்கு முன்னர் விறகும் தழையும் தேனும் மேய்ச்சலும் ஊருக்குரியவையாய் இருந்த மலைகள், அச்சட்டத்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் 'காப்புக்காடு' ஆயின. தலைமுறை தலைமுறையாய் நடந்த வழியில் அனுமதியின்றி நடப்பதே குற்றமாயிற்று. வெள்ளையர் ஆட்சிக்குக் கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது. ஊரார் இடைஞ்சலாய் இருந்தனர். நாடு விடுதலை பெற்றது. சட்டத்தின் பெயரில் 'சென்னை' போய்த் 'தமிழ்நாடு' வந்தது. பூட்டு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சரி, 140 ஆண்டுகளாய்ப் பூட்டி வைத்தோமே, பூட்டு எதைக் காத்தது? ஜவ்வாது மலை ஒருகாலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. காப்புக்காட்டுக்குள் நின்ற அச்சந்தன மரங்கள் பூட்டின் கண்ணெதிரே, ஆண்டுக்கணக்காக, வெட்டிக் கடத்தப்பட்டன. விறகுக்கட்டுச் சுமந்து வந்த மலைவாழ் பெண்ணைப் பிடிக்கத் தெரிந்த காவலுக்குச் சந்தனக்கட்டை ஏற்றிய வண்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையும் காப்புக்காடுதான். 1980-களில் அது ஏறக்குறைய மொட்டை மலை. நம்முள் ஐம்பதைக் கடந்தவர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்: கோடையில் பாறையும் கருகிய புல்லுமாய்க் கிடந்தது. விறகுக்கு வெட்டினர், ஆண்டுதோறும் தீ வைத்தனர், தளிர்த்ததை ஆடு கடித்தது.

அம்மலை இன்று பசுமை பூண்டிருப்பது எப்படி? 1980-களின் இறுதியிலிருந்து சில அன்பர்கள், உள்ளூராரும் வெளியூராரும் அயல்நாட்டவருமாக, நாற்றுப் பண்ணை வைத்து, நாட்டு மரக் கன்றுகளைத் தலையில் சுமந்து ஏறி, குழி தோண்டி, நட்டு, கோடைதோறும் தீத்தடுப்புக் கோடு செதுக்கி, புகை தெரிந்தபோதெல்லாம் இலைதழையை முறித்துக்கொண்டு ஓடி அணைத்தனர். வனத்துறையும் துணை நின்றது, மறுக்கவில்லை. ஆயினும் அப்பணியின் வேர் அலுவலகக் கோப்பில் இல்லை. நாள்தோறும் மலையில் நடந்த கால்களில் இருந்தது. எந்தப் பாறையிடுக்கில் ஈரம் தங்கும், எந்தச் சரிவில் கன்று பிழைக்கும், தீ எந்தப் பக்கமிருந்து ஏறும் என்பதெல்லாம் நடந்தவனுக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்?

இன்னொரு சான்றும் நமக்கு மிக அருகிலேயே உண்டு. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்தி மலை, வேடியப்பன் மலை என இரண்டு காப்புக்காட்டு மலைகள். அவற்றின் வயிற்றில் இரும்புத் தாது. மாநில அரசு நிறுவனமும் தனியார் எஃகு நிறுவனமும் கூட்டாக அத்தாதுவைத் தோண்ட இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டன. நின்றுபோன பேச்சு 2014-இல் மீண்டும் தலைதூக்கியது. தமக்கு விறகு பொறுக்கத் தடை விதித்த அதே காட்டில் வெடிவைத்துத் தோண்ட வழி தேடுகிறார்களே என்று ஊரார் வியந்ததில் நியாயம் உண்டு. எதிர்த்து நின்றவர்கள் யார்? ஆடு மாடு ஓட்டிச் சென்றவர்கள். வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கப் போனவர்கள். அம்மலையின் ஓடைநீர் தம் ஏரிக்கு வருவதை ஓடையோடு நடந்து பார்த்தவர்கள். சாலையிலிருந்து மலையைப் பார்த்து "அழகாயிருக்கிறது" என்று சொல்லிப் போனவர்களுள் எத்தனை பேர் மனு எழுதினர்? தோண்டினால் என்ன போகும் என்பதை அறியாதவன் எதற்காக எழுதுவான்? ஒரு மலையை வரைபடத்தில் எண்ணாக மாற்றுவது எளிது. அங்கே ஒருநாள் நடந்து, அதன் சுனையில் நீர் அள்ளிக் குடித்தவனிடம் அந்த எண்ணைக் காட்டி ஏமாற்றுதல் அரிது.

நம் பிள்ளைகள் காட்டில் நடக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் முதற்காரணம் இதுவே. உடல் நலம், மன அமைதி, நண்பரோடு மகிழ்ச்சி ஆகியவையும் நற்பேறுகளே. அவற்றை இழிவாகப் பேசும் முகச்சுளிப்பு நமக்கில்லை. உழைத்துக் களைத்த மனிதருக்கு மரநிழலில் ஒருநாள் ஓய்வு என்பது ஆடம்பரமாகாது. ஆனால் அதற்கும் மேலாக, செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது என்றும், சங்கராபரணி செஞ்சி மலைகளில் பிறந்து புதுவைக் கடலுக்குப் போகிறது என்றும் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அந்நீர் பாறையிடுக்கில் கசிவதைக் கண்ணால் கண்டாக வேண்டும். நாளை அக்கசிவை அடைக்க ஓர் ஆணை வரும்போது வாய் திறக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

இனி, கதவைத் திறந்தோம் என்று மார்தட்டுவோரிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். அவர்களுள் பழங்குடி இளைஞர்கள் பலர். தீப்பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடல். நல்ல ஏற்பாடு. குரங்கணிக்குப் பின் வந்திருக்க வேண்டியது, ஆறாண்டு கழித்து வந்தது. நமது அண்டை மாவட்டமாகிய திருப்பத்தூரின் ஏலகிரியும் சலகாம்பாறையும் அப்பட்டியலில் இடம் பெற்றன. ஜவ்வாதையும் பர்வதமலையையும் உடைய திருவண்ணாமலை மாவட்டம் அப்பட்டியலில் இல்லை. ஏன் என்பது முதற்கேள்வி.

இரண்டாவது, கட்டணம். பாதைக்கேற்ப ஆளுக்குச் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை விதித்தனர்; எதிர்ப்பு எழவே பின்னர் சிறிது குறைத்தனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிய பாதைக்கு ஆளுக்கு 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, இரு பிள்ளைகள்: 2,400 ரூபாய். 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஏழு நாள் கூலி முழுவதையும் அப்படியே எடுத்து வைத்தாலும் 48 ரூபாய் குறைகிறது. அதற்குமேல் பேருந்துச் செலவு. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நாற்று நடும் ஒரு தாய், தன் மகளுக்குத் தன் மாவட்டத்துக் காட்டைக் காட்ட ஒரு வாரம் பட்டினி கிடக்க வேண்டும் என்றால், அக்காட்டைப் பொதுக்காடு என்று அழைப்பதில் பொருளில்லை. அதே சனிக்கிழமையில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மகிழுந்தில் வருவோர்க்கு அத்தொகை ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவு. அவர்கள் வருவதை நாம் வெறுக்கவில்லை. அவர்கள் வந்து கொடுக்கும் பணத்தில் மலைவாழ் இளைஞனுக்கு வேலை கிடைக்குமாயின், வாழ்க. ஆனால் 1882-இல் பூட்டி வைத்த கதவை 2024-இல் திறக்கிறபோது, பூட்டால் வெளியேற்றப்பட்டவனின் பேரன் முதலில் உள்ளே வர வேண்டாமா?

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல் நம் பங்குகளில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டப்பட்டது. மரக்கன்று நடுவிழாவுக்கெல்லாம் அதன் பெயர் சூட்டினோம். அம்மடலின் 45-ஆம் பத்தியை மட்டும் ஏனோ யாரும் வாசிப்பதில்லை. எழில் மிக்க இடங்கள் தனியார் கைக்குப் போவதால் மக்கள் அங்கே செல்ல இயலாமற்போவதையும், சிலருக்கு மட்டுமே பசுமை வாய்த்து, எளியோர் வாழும் மறைவான பகுதிகளில் அது இல்லாமற்போவதையும் அவர் அங்கே கண்டிக்கிறார். இயற்கையழகு ஏழைக்கும் உரியது என்பது திருச்சபையின் போதனைக்குள் அடங்கியது. யாரோ பொழுதுபோகாதவர்கள் எழுப்பிய கோரிக்கை அன்று.

"கிறிஸ்தவனுக்கு மலை ஏறுவது எதற்கு? கோயில் போதாதா?" என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்குச் சீனாயையும் ஓரேபையும் தாபோரையும் நினைவூட்டுவது குருவுக்கே மறையுரை ஆற்றுவது போலாகும். ஆண்டவர் இரவெல்லாம் செபிக்க எங்கே ஏறிப் போனார் என்பதை அவர்களே அறிவர். அண்மைக்காலத்தை மட்டும் பார்ப்போம். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், இளங்குருவாயிருந்தபோது 1889-இல் ஆல்ப்சு மலைத்தொடரின் மோந்தே ரோசாவில் ஏறியவர். 1923-இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. இரண்டாம் அருள் சின்னப்பர் போலந்தில் இளங்குருவாயிருந்த காலத்தில் மாணவர்களைத் தோளில் மூட்டையோடு மலைக்கும் ஏரிக்கும் அழைத்துச் சென்றார். பொதுவுடைமை அரசு இளைஞர் மன்றங்களுக்கு இடந்தராத நாடு அது. காட்டுக்குள் நடந்துகொண்டே மறைக்கல்வி நடந்தது.

இத்தாலியின் தூரின் நகரில் 1901-இல் பிறந்து 1925-இல், 24 வயதில் மறைந்த பியேர் ஜார்ஜோ பிரசாத்தி நம் இளைஞர்கள் அறிய வேண்டிய பெயர். நாளிதழ் அதிபரின் மகன். வாரத்தில் பல நாட்கள் நகரச் சேரிகளில் நோயாளிகளின் பக்கத்தில் இருந்தான். விடுமுறையில் நண்பர் குழாத்தோடு மலையில் இருந்தான். இரண்டையும் வெவ்வேறாக அவன் எண்ணவில்லை. சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்ற வேண்டும் என்று சுரங்கப் பொறியியல் படித்தான் என்பது, கவுத்தி மலையைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்று விந்தையாகவே தோன்றுகிறது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவனைப் புனிதனாக உயர்த்தினார். நம் பங்குகளில் அவனது படம் வரும். பனிமலையில் நிற்கும் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, நம் பிள்ளைகளை மலைப்பக்கம் விடாமல் வளர்ப்போமாயின் அது நகைப்புக்கு இடமாகும்.

அண்ணாமலைக்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ணுவோரும் ஒன்று அறிய வேண்டும். நம் சைவ உடன்பிறப்புகளுக்கு அம்மலையே இறைவன். ரமண மகரிசி 1899 முதல் 1922 வரை அதன் விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். குளித்தலை அருகே சாந்திவனத்தை நிறுவிய இருவருள் ஒருவரான பிரெஞ்சுப் பெனதிக்துச் சபைத் துறவி அபிசிக்தானந்தரும் 1950-களில் அதே மலையின் குகைகளில் தனித்திருந்து செபித்தார். பிறர் தம் தெய்வமாக வணங்கும் மலையில் கால் வைக்கும்போது செருப்பையும் சத்தத்தையும் கழற்றி வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் கோரும் மலைநடை அத்தகையது.

இந்த இடத்தில் நம்மவரைக் கண்டிக்காமல் மேலே செல்ல இயலாது. நம் பங்குகளின் 'இன்பச் சுற்றுலா' என்பது என்ன? பேருந்தின் முகப்பில் ஒலிபெருக்கி, இரவெல்லாம் திரைப்பாடல், விடிந்ததும் ஏதாவதொரு பொழுதுபோக்குப் பூங்காவில் சீட்டு வாங்கிச் செயற்கை அருவியில் நனைதல், நெகிழித் தட்டில் பிரியாணி, தட்டு சாலையோரத்தில். மலைக்குப் போனாலும் அதே ஒலிபெருக்கி, அதே தட்டு. ஜவ்வாது மலையின் பீமன் அருவிக்குப் போன சில கூட்டங்கள் விட்டு வந்த மதுப்புட்டிகளுள் எத்தனை எந்தச் சமயத்தாருடையவை என்று பிரித்தறிய வழியில்லை. நம்முடையவை அவற்றுள் இல்லை என்று ஆணையிட்டுச் சொல்ல நம்மால் முடியுமா? மூடு என்று கூவுவோரின் கையில் கல்லை எடுத்துக் கொடுப்பவர்கள் இவர்களே.

தவக்காலத்துச் சிலுவைப்பாதையையும் சொல்லியாக வேண்டும். குன்றுகளில் சிலுவை நட்டு, வெள்ளிதோறும் மெழுகுதிரி ஏந்தி ஏறுவது பக்திக்கு உகந்ததே. ஆனால் தவக்காலம் வருவது பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில். அதுவே காடு பற்றியெரியும் பருவம். காய்ந்த போதைப்புல்லுக்கு நடுவே நூறு பேர் கையில் நூறு சுடர்! வனத்துறை தன் பாதைகளை அடைத்து வைக்கும் அதே வாரங்களில் நாம் நெருப்போடு ஏறுகிறோம். குன்றின்மீது சிலுவைப்பாதை வேண்டுமானால் திரியின்றிப் பகலில் ஏறலாம். பிள்ளைகளை ஒரு முழு நாள் காட்டுக்கு அழைத்துச் செல்லவோ, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் பச்சையாய் நிற்கும் டிசம்பர் இறுதியும் சனவரியும் உகந்தவை. பொங்கல் விடுமுறை அதற்கென்றே வாய்த்தது போலிருக்கிறது.

ஒழுங்கோடு நடக்கும் உரிமை எங்கும் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தில் கிண்டர் இசுகவுட் என்னும் மேட்டுநிலத்தில் மான்செசுடர் நகரத்து ஆலைத் தொழிலாளரும் இளைஞருமாகச் சில நூறு பேர் அத்துமீறி ஏறினர். செல்வர்கள் பறவை வேட்டையாடுவதற்காக மற்றவர்க்கு அடைத்து வைத்திருந்த நிலம் அது. வாரமெல்லாம் ஆலைப்புகையில் வெந்தவர்களுக்கு ஞாயிறன்று ஒரு மேட்டில் நடக்க வழியில்லை. ஐவர் சிறை சென்றனர். 1949-இல் அந்நாட்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்கும் சட்டம் பிறந்தது; 1951-இல் அதே பகுதி அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. சுவீடனிலோ, சேதம் செய்யாமல், பிறர் வீட்டு வாசலை ஒட்டாமல், காட்டில் நடப்பது எல்லா மக்களுக்கும் உரிய தொன்மையான உரிமை. அங்கெல்லாம் காடு அழிந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. தலைமுறைகளாய்க் காட்டைச் சார்ந்து வாழ்வோர்க்கு மேய்ச்சலும் சிறுவிளைபொருளும் மட்டுமல்லாமல், தம் காட்டைத் தாமே காக்கும் உரிமையையும் அது ஏற்றது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களே அங்கு வழிகாட்டவும், எத்தனை பேர் வரலாம், எங்கே வரலாகாது என்று சொல்லவும் உரியவர்கள். அவர்கள் ஒரு சோலையைக் காட்டி, இது எங்கள் சாமியின் இடம், இதற்குள் யாரும் வரவேண்டாம் என்றால், நம் பிள்ளைகள் வாயிலிலேயே கைகூப்பி நின்று திரும்ப வேண்டும். இதையும் பூட்டு என்று நாம் குறைகூறப் போவதில்லை. வீட்டுக்காரன் சாத்திய கதவுக்கும் வெளியாள் போட்ட பூட்டுக்கும் வேறுபாடு உண்டு.

ஆதலின் நாம் கேட்பவை இவை. திருவண்ணாமலை மாவட்டத்தில், பர்வதமலை போன்று ஏற்கெனவே மக்கள் திரளும் மலைகளுக்கு அப்பால், ஜவ்வாதில் இரண்டு மூன்று எளிய பாதைகளை வனத்துறை வகுத்துத் திறக்க வேண்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்க்கும், மாவட்டத்துக் கூலித்தொழிலாளர் குடும்பங்களுக்கும் கட்டணம் கூடாது. வழிகாட்டியின் ஊதியத்தை வெளியூர்ப் பயணிகளின் கட்டணத்திலிருந்தே கொடுக்கலாம். அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் விடை என்ற வரையறை வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். ஒரு தாளில் கையெழுத்து வாங்க நம் வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் மூன்று முறை பேருந்தேறி, மூன்றாம் முறையும் "அடுத்த வாரம்" என்ற சொல்லோடு திரும்பிய கதை நமக்குத் தெரியும். அவர் பிறகு கேட்கவே இல்லை. பிள்ளைகளைப் பூங்காவுக்கே அழைத்துச் சென்றார்.

நம் பங்கில், அரசு அசையும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. செஞ்சியின் இராசகிரி கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருமணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. 2025 சூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோட்டைக் குன்றில் ஏறத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு போதும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை, கூட்டமில்லாத ஒரு வாரநாள் விடியலில், மரம் ஒன்றுக்கு ஒரு பெயர் சொல்லிப் பிள்ளைகளோடு நடக்கலாம். அன்பியம் ஒன்றுக்கு ஒரு குழு. குழுவுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம். கட்டுச்சோறு வாழையிலையில், கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரட்டும், முடிந்தால் பிறர் போட்டதில் ஒரு பையும் சேர்த்து. உடன் வர ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்போடு முன்னே நடக்கவிட்டு, அவருக்கு ஒருநாள் கூலியையும் கொடுங்கள்.

விண்ணப்பம் எழுதும் பொறுப்பைப் பங்குப் பேரவைகளின் இளைஞர் பணிக்குழுக்கள் ஏற்கட்டும். மாவட்ட வன அலுவலருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. கையெழுத்திடுவோர் பட்டியலில் பிற சமயத்துப் பெற்றோரும் இடம் பெறட்டும், மலை எல்லாருக்கும் உரியதாகையால். மழை முடிந்து பாதை காய்வதற்கும், பிப்ரவரி நடுவில் தீப்பருவம் தொடங்குவதற்கும் இடையே கிடைப்பது ஏழெட்டு வாரமே. அதற்குள் பிள்ளைகள் நடக்க வேண்டுமாயின் விண்ணப்பம் அக்டோபரிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.